அப்பாயி வீட்டு டெக்கும் நான் அடித்த டிவிடிகளும்

மன்னார்குடி பக்கத்துக் கிராமத்தில் அப்பாயி வீடு. அரசு கொடுத்த இலவசக் கலர் டிவியும் சித்தப்பா வாங்கிக் கொடுத்த டிவிடி டெக்கும் அங்கே இன்னும் ஓடுகின்றன. 2015இல் சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா மகன் தன் பிள்ளையின் காதுகுத்து வீடியோவை அனுப்பினான். போனில் பார்த்தால் அப்பாயிக்குக் கண் கூசும், டிவியில்தான் பார்க்க வேண்டும். எம்பி4 கோப்பை அப்படியே ஒரு டிஸ்கில் இழுத்துப் போட்டு எரித்து (அதாவது பதிவு செய்து) எடுத்துப் போனேன். டெக் கரகரவென்று சுற்றியது, நின்றது, ‘நோ டிஸ்க்’ என்றது.

“என்னடா தம்பி, வெறும் தட்டைக் கொண்டாந்திருக்க?”

பழைய டெக்குக்கு எம்பி4 தெரியாது என்பது அன்றைக்கு எனக்கும் தெரியாது. அதற்குப் புரிவது எம்பெக்-2 வகை வீடியோ. நம் ஊர் டிவிகளின் ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறைக்கு 720க்கு 576 அளவு, நொடிக்கு 25 பிரேம், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். அதுவும் வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டருக்குள் விஓபி கோப்புகளாக அடுக்கி இருக்க வேண்டும். இது புரிவதற்குள் மூன்று டிஸ்க் வீணாகிவிட்டது.

அன்றிலிருந்து இன்றுவரை நான் பயன்படுத்துவது டிவிடி ஸ்டைலர். கம்ப்யூட்டரில் டிவிடி செய்யும் இலவச மென்பொருள். வீடியோவை உள்ளே இழுத்துப் போட்டால் எம்பெக்-2 ஆக மாற்றுவது, ஃபோல்டர் கட்டுவது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். அவசரத்தில் ‘பால்’ முறைக்குப் பதில் அமெரிக்க முறையான என்டிஎஸ்சி என்று கொடுத்துவிடாதீர்கள். டெக் ஓட்டிவிடும், ஆனால் சில பழைய டிவிகளில் படம் கருப்பு வெள்ளையாக வரும். நான் ஒருமுறை அப்படிச் செய்துவிட்டு அரைமணி நேரம் மஞ்சள் பின்னைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது படத்தின் வடிவம். 16:9 (அகலத் திரை) என்று செய்த டிஸ்கை முதலில் போட்டபோது காதுகுத்துப் பிள்ளையின் முகம் முருங்கைக்காய் மாதிரி நீண்டுவிட்டது. தப்பு டிஸ்கில் இல்லை. டெக்கின் செட்டப்பில் டிவி வகை 16:9 என்று இருந்தது. அதை ‘4:3 எல்பி’ (பழைய சதுர டிவிக்கான லெட்டர்பாக்ஸ்) என்று மாற்றியதும் மேலும் கீழும் கருப்புப் பட்டையோடு முகம் முகமாக வந்தது. போனை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுத்த வீடியோவுக்கு மட்டும் வைத்தியம் இல்லை. நடுவில் ஒரு சந்து மாதிரி தெரியும், அவ்வளவுதான். “படுக்கப் போட்டு எடுடா” என்று சித்தப்பா மகனிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

என்னை அதிகம் படுத்தியது ஒலி. முதல் பத்து நிமிடம் சரியாக இருக்கும். இருபதாவது நிமிடத்தில் வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். ஆசாரி ஊசியைக் குத்தி முடித்து, பிள்ளைக்குச் சர்க்கரையும் ஊட்டிய பிறகுதான் அழுகைச் சத்தம் வரும். போன் கேமரா வெளிச்சத்துக்குத் தகுந்தபடி பிரேம் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கும், மாற்றும்போது அந்தக் கணக்கு தவறிவிடுகிறது என்பது பிறகுதான் புரிந்தது. இப்போதெல்லாம் போன் வீடியோவை முதலில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு, 25 பிரேம், ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ (மாறாத பிரேம் எண்ணிக்கை) என்று கொடுத்து ஒரு எம்பி4 எடுத்துக்கொள்கிறேன். அதன் பிறகே டிவிடி ஸ்டைலர். ஹேண்ட்பிரேக் தனியாக டிவிடி செய்து தராது, இந்த முதல் வேலைக்கு மட்டும்தான். வேலை இரட்டிப்பு, ஆனால் அழுகை நேரத்துக்கு வருகிறது.

கல்யாண வீடியோ வேறு மாதிரி தலைவலி. இப்போது ஸ்டூடியோக்காரர்கள் மூன்று மணி நேரத்தையும் ஒரே பென்டிரைவில் கொடுத்துவிடுகிறார்கள். 4.7 ஜிபி டிஸ்க் ஒன்றில் மூன்று மணி நேரத்தைத் திணித்தால், ஒலியும் சேர்த்து நொடிக்குச் சுமார் 3.5 மெகாபிட் தரவுதான் கிடைக்கும், அது குறைந்தால் தரமும் குறையும். மாலை மாற்றும்போது நாலு பக்கமும் ஃபிளாஷ் அடிக்கும் பாருங்கள், அந்த இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடையும். முகூர்த்தம் ஒரு டிஸ்க், வரவேற்பு ஒரு டிஸ்க் என்று பிரித்தால் சுமார் 7 மெகாபிட் கிடைக்கிறது, பட்டுச் சேலையின் சரிகை சரிகையாகவே தெரிகிறது. டிஸ்க்கில் கஞ்சத்தனம் பார்ப்பதில் அர்த்தமில்லை.

எரிப்பதை நேரடியாகச் செய்வதை விட்டுவிட்டேன். முதலில் ஐஎஸ்ஓ கோப்பாக (முழு டிஸ்கும் ஒரே கோப்பில்) எடுத்துக்கொண்டு, அப்புறம் டிஸ்க் எரிக்கும் மென்பொருளான இம்ஜ்பர்ன் வழியாக 8எக்ஸ் வேகத்தில் எரித்து, சரியாகப் பதிந்ததா என்று பார்க்கும் ‘வெரிஃபை’யும் ஓட விடுகிறேன். இம்ஜ்பர்னின் கடைசிப் பதிப்பு 2013இல் வந்தது, இன்றைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. எரிக்கும்போது நடுவில் கரண்ட் போனால் அந்த டிஸ்க் குப்பைக்குத்தான். ஐஎஸ்ஓ கையில் இருந்தால் மாற்றும் வேலையாவது மிஞ்சும். அப்படி இரண்டு போன பிறகு யூபிஎஸ் வாங்கினேன்.

எந்த டிஸ்க் நிலைக்கும் என்பதைக் கஜா புயல் சொல்லிக் கொடுத்தது. 2018 நவம்பரில் அப்பாயி வீட்டு ஓடுகள் பறந்து, அலமாரியில் இருந்த டிஸ்க்கெல்லாம் நனைந்துவிட்டன. ஊருக்குள் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. வந்ததும் ஒவ்வொன்றாகத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். மார்க்கர் பேனாவால் பெயர் எழுதியவை ஓடின. அழகுக்காகக் காகித ஸ்டிக்கர் ஒட்டியிருந்த ஏழில் ஐந்து போச்சு. ஸ்டிக்கர் ஊறிப் புடைத்து, டிஸ்க் டெக்குக்குள் தடதடவென்று ஆடியது. கட்டாக மலிவு விலைக்கு வாங்கிய பெயரில்லாத டிஸ்க்குகளோ நனையாமலே அதற்கு முந்தைய வருஷமே பாதியில் திக்க ஆரம்பித்திருந்தன.

டிவிடி ஸ்டைலரில் பூப்போட்ட மெனுவெல்லாம் இருக்கிறது. ஆரம்பத்தில் ஆசையாகச் செய்தேன். ரிமோட் என்றாலே அப்பாயிக்கு ஆகாது, மெனு வந்தால் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால் இப்போது மெனுவே இல்லை. தட்டு உள்ளே போனதும் படம் ஓடும், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும்படி வைத்திருக்கிறேன். சில ராத்திரி அப்பாயி தூங்கிப்போவார், காதுகுத்து மட்டும் விடிய விடிய நடந்துகொண்டிருக்கும்.

போன வாரம் டெக்கின் தட்டு வெளியே வராமல் மாட்டிக்கொண்டது. திறந்து பார்த்தேன், உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கிறது. அதே அளவில் ஒன்று மன்னார்குடியில் இரண்டு கடையில் கேட்டாயிற்று, கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் போகும்போது பார்க்க வேண்டும்.