கொடைக்கானல் ஈரத்தில் பென் டேப்லெட்டும் கிரிட்டாவும்

பென் டேப்லெட் (பேனாவால் வரைவதைக் கணினித் திரைக்குக் கொண்டுபோகும் பலகை) வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் எந்தக் கம்பெனி, எத்தனை அழுத்த நிலை (பேனாவின் அழுத்தத்தை எத்தனை படிகளாகப் பிரித்தறியும்) என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வாங்கிய முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. மேசையில் நிலைத்து உழைக்கப்போகிறதா, பெட்டியோடு பரணுக்குப் போகப்போகிறதா என்பது அந்த வாரத்தில்தான் முடிவாகிறது. அதனால் கருவியைப் பற்றிக் கொஞ்சமும், அதன் அமைப்புகளையும் நான் வரையும் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளின் அமைப்புகளையும் பற்றிக் கூடுதலாகவும் எழுதுகிறேன்.

நான் நீர்வண்ணக்காரன். கொடைக்கானலில் நீர்வண்ணத்தை வைத்துப் பிழைப்பது எவ்வளவு சிரமம் என்பது ஐப்பசி, கார்த்திகையில் இங்கே தங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் பூச்சு காய்ந்தால்தான் இரண்டாவது பூச்சு. காலையில் பூசியது மாலையிலும் பிசுபிசுவென்று இருக்கும். ஹேர் டிரையர் பிடித்தால் ஓரத்தில் வண்ணம் திட்டுத்திட்டாகக் கட்டிக்கொள்ளும். விலை கொடுத்து வாங்கிய தாள் அலமாரிக்குள்ளேயே அப்பளம்போல் நமத்து, மேலே பூஞ்சை பூத்திருக்கும். வீட்டில் செய்யும் சாக்லேட், தைலம், தாண்டிக்குடி காபித்தூள், மலைப்பூண்டு ஆகியவற்றுக்கு லேபிள் வரைந்து கொடுப்பது என் தொழில். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, படம் போட்ட பைகளுக்கும் கிராக்கி வந்தது. சாக்லேட் கடைக்காரரிடம் ‘மழை விட்டதும் தருகிறேன்’ என்று எத்தனை முறைதான் சொல்வது?

அதனால்தான் டேப்லெட்டுக்கு வந்தேன். என்னிடம் இருப்பது திரை இல்லாத டேப்லெட். வரையும் பரப்பு 10 அங்குலத்துக்கு 6.25 அங்குலம், 8192 அழுத்த நிலைகள், பேனாவில் பேட்டரி கிடையாது. பலகைக்கு அடியில் இருக்கும் கம்பி வலை மெல்லிய மின்காந்த அலையை அனுப்புகிறது. பேனாவுக்குள் இருக்கும் சுருள் அதை வாங்கி ஒத்ததிர்ந்து திருப்பி அனுப்புகிறது. பேனா இருக்கும் இடமும் அழுத்தமும் அதிலிருந்தே கணக்காகின்றன. உள்ளங்கை பலகையில் படிந்தாலும் கோடு விழாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். 8192 என்ற எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். 2048 நிலைகள் கொண்ட பேனாவிலும் வரைந்திருக்கிறேன். கையால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. எவ்வளவு லேசாகத் தொட்டால் முதல் கோடு விழத் தொடங்குகிறது என்பதே முக்கியம். அதை அட்டைப்பெட்டியில் அச்சிட மாட்டார்கள்.

மடிக்கணினி பழையது: 8 ஜிபி ரேம், 1366-க்கு 768 திரை, விண்டோஸ். முன்பு வேறு டேப்லெட் பயன்படுத்தியிருந்தால் அதன் டிரைவரை (டேப்லெட்டைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) முழுவதுமாக நீக்கிவிட்டுப் புதியதைப் போட வேண்டும். இரண்டு டிரைவர்கள் ஒரே கணினியில் இருந்தால் அழுத்தம் திடீரென்று வேலை செய்யாமல் போகும்.

அடுத்தது பெரும்பாலோர் கவனிக்காமல் விடும் விஷயம். திரையின் விகிதம் 16-க்கு 9. டேப்லெட்டின் விகிதம் 16-க்கு 10. டிரைவர் பலகை முழுவதையும் திரை முழுவதற்கும் இழுத்துப் பொருத்திவிடுவதால், கையில் வட்டம் போட்டால் திரையில் கிடைமட்ட முட்டை வரும். வித்தியாசம் சிறியது என்பதால் உடனே தெரியாது. முகங்கள் ஏன் எப்போதும் கொஞ்சம் உப்பலாக வருகின்றன என்று குழம்புவீர்கள். 10 அங்குல அகலத்துக்கு 5.625 அங்குல உயரம் வைத்தால் விகிதம் சரியாகிவிடும். பலகையின் அடியில் அரை அங்குலத்துக்குச் சற்று அதிகமான பட்டை வீணாகும், போகட்டும். டிரைவரில் விகிதத்தைப் பூட்டும் பொத்தான் இருந்தால் இந்தக் கணக்கும் தேவையில்லை.

பேனாவை அழுத்திப் பிடித்தால் திரையில் வட்டம் தோன்றி, வலது கிளிக்காக மாறுவது விண்டோஸின் வழக்கம். கன்ட்ரோல் பேனலில் அதை அணைத்துவிடுங்கள். கிரிட்டாவின் அமைப்புகளில் டேப்லெட் பக்கத்துக்குப் போனால், பேனாவின் தகவலை வாங்க வின்டேப், விண்டோஸ் இங்க் என்று இரண்டு வழிகள் இருக்கும். அழுத்தம் வேலை செய்யவில்லையென்றால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக் கிரிட்டாவை மூடித் திறக்க வேண்டும். பாதிப் புலம்பல்கள் இதிலேயே தீர்ந்துவிடும். அதே பக்கத்தில் டேப்லெட்டைச் சோதித்துப் பார்க்கும் பெட்டியும், கை எவ்வளவு அழுத்தினால் கோடு எவ்வளவு தடிக்கும் என்று தீர்மானிக்கும் அழுத்த வளைகோடும் இருக்கின்றன.

அந்த வளைகோட்டை நான் பருவத்துக்கு ஏற்ப மாற்றுகிறேன். சொன்னால் சிரிப்பார்கள். மார்கழிக் காலையில் விரல்கள் விறைத்திருக்கும்போது மென்மையாக அழுத்துவது நடக்காத காரியம்; கோடெல்லாம் தடித்துத்தான் விழும். அப்போது வளைகோட்டின் நடுப்பகுதியைக் கீழே இழுத்து வைத்தால், கை முரட்டுத்தனமாக அழுத்தினாலும் கோடு மெலிந்தே வரும். சித்திரையில் மறுபடி மேலே ஏற்றிவிடுகிறேன்.

கிரிட்டா 1999-இல் கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்குள் தொடங்கப்பட்ட கட்டற்ற மென்பொருள். அதன் தளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். விண்டோஸ் கடையிலும் ஸ்டீம் என்ற இணையக் கடையிலும் விலைக்குக் கிடைப்பது இதே மென்பொருள்தான். அந்தப் பணம் அதை உருவாக்குபவர்களுக்குப் போகிறது. சின்னமாக ஒரு அணிலை வைத்திருக்கிறார்கள். எங்கள் சோலைகளில் திரியும் மலை அணிலின் கம்பீரம் அதற்கு இல்லை, ஆனாலும் பிடிக்கும்.

நிறுவியதும் கண்ணில் படுவது பிரஷ் கூட்டம். ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தால் படம் வரையவே மாட்டீர்கள். எனக்குத் தேவைப்பட்டவை ஒரு பென்சில், ஒரு மைப் பேனா, ஒரு ஈரப் பிரஷ், ஒரு சொரசொரப்புப் பிரஷ். இவற்றுக்குத் தனி அடையாளம் (டேக்) போட்டுவிட்டால் வலது கிளிக்கில் விரியும் வட்டத்தில் இவை மட்டும் வரும். இடது கைக்கு E விசை அழிப்பான், M படத்தை இடவலமாகத் திருப்பிக் காட்டும், 4, 6 தாளைச் சாய்க்கும், 5 நேராக்கும். M-ஐ அடிக்கடி தட்டுங்கள். நேராக இருப்பதாக நினைத்த பூந்தண்டு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அது முகத்தில் அறைந்தாற்போல் காட்டிவிடும்.

படத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஒளிபுகும் தாள்களாகப் பிரித்து வரையும் லேயர் முறைக்கு எங்கள் ஊரிலேயே ஒரு முன்னோடி உண்டு. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904-இல் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சூரியனைக் கையால் வரைந்திருக்கிறார்கள்: ஒரே வட்டத்துக்குள் கரும்புள்ளிக்கு ஒரு நிறம், சூரியனின் பரப்பில் நீளமாகத் தெரியும் இழைகளுக்கு ஒரு நிறம். எதை எதிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே யோசித்துவிட்டு வரைகிற அந்த ஒழுங்குதான் லேயருக்கும் தேவை. அதைப் புரிந்துகொள்ளாமல் ஐம்பது லேயர் திறந்தால் கணினிதான் திணறும். ஏ4 தாளை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) திறந்தால் 2480-க்கு 3508 புள்ளிகள்; முழுக்க நிரம்பிய ஒரு லேயருக்கு ஏறக்குறைய 35 எம்பி நினைவகம். நிறத்தின் நுணுக்கத்தை 8 பிட்டிலிருந்து 16 பிட்டுக்கு மாற்றினால் அது இரட்டிப்பாகும். லேபிளுக்கு 8 பிட் போதும். பழைய கணினியில் வேகம் வேண்டுமென்றால் முதலில் குறைக்க வேண்டியது பிரஷின் அளவு.

எங்கே இது நீர்வண்ணத்தை மிஞ்சியது என்று கேட்டால் எங்கள் மலையில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசின் (ரோடோடென்ட்ரான்) இலையைக் காட்டுவேன். மேற்பக்கம் தோல்போன்ற கரும்பச்சை. அடிப்பக்கம் துருநிறத்தில் மயிர் அடர்ந்த பட்டு. தாளில் அந்தப் பட்டைக் கொண்டுவர ஈரத்தையும் உலர்ந்த தூரிகையையும் நிமிடக் கணக்கில் சமாளிக்க வேண்டும். கிரிட்டாவில் இலையின் வடிவத்தை ஒரு லேயரில் தட்டையாக நிரப்பி, அதையும் மேல் லேயரையும் ஒரே குழுவில் போட்டு, மேல் லேயரில் ஆல்ஃபாவை (எங்கே வண்ணம் தெரியும், எங்கே தெரியாது என்பதை) கீழிருந்து எடுத்துக்கொள்ளும்படி வைத்துவிட்டால், சொரசொரப்புப் பிரஷ் எவ்வளவு ஓடினாலும் இலையின் விளிம்பைத் தாண்டாது. பிறகு நரம்பு நெடுக அழிப்பானை லேசாக ஓட்டினால், மயிர் விலகி நரம்பு புடைத்து நிற்கும். பூவின் சிவப்பில் மட்டும் நீர்வண்ணத்தை இது நெருங்கவில்லை. ஒளி ஊடுருவும் அந்தச் சிவப்பு தாளுக்கே உரியது.

அச்சுக்குப் போகும்போது இன்னொரு தலைவலி. திண்டுக்கல்லில் எனக்கு அச்சிட்டுத் தரும் அண்ணன் தொடக்கத்திலேயே எச்சரித்தார்: “தம்பி, திரையில் தெரியும் பச்சை வேறு, என் மையில் இருக்கும் பச்சை வேறு. பிறகு சண்டைக்கு வரக் கூடாது.” கிரிட்டா அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே நிறமுறையைத் தானே கையாளுகிறது, தொழிலுக்கு இதை நான் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே பெரிய காரணம். ஆனால் திரைக்கான ஆர்ஜிபியில் வரைந்து கடைசியில் மாற்றுவதே நல்லது. சிஎம்ஒய்கேயில் சில பிரஷ்களின் கலவை வேறு மாதிரி நடந்துகொள்ளும். அச்சகத்தின் நிற புரொஃபைலை (அவர்கள் அச்சில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) வாங்கிப் போட்டுக்கொண்டு, வரையும்போதே கன்ட்ரோல் Y தட்டினால் தாளில் நிறம் எப்படி மங்கும் என்று தெரிந்துவிடும். பைகளுக்குத் தொடர்ச்சியான பூவேலை வேண்டுமென்றால் W விசை. படம் நான்கு பக்கமும் தன்னோடு தானே பொருந்திக்கொள்ளும்.

எழுத்துக்கு நான் கிரிட்டாவை நாடுவதில்லை. 5.2 பதிப்பு வரை எழுத்தைத் தனிப் பெட்டியில் தட்டித்தான் படத்தில் சேர்க்க வேண்டும், பொறுமை போய்விடும். தமிழ் எழுத்தை இங்க்ஸ்கேப் என்ற இன்னொரு இலவச மென்பொருளில் அமைத்துத் தனி பிடிஎஃப் ஆகக் கொடுக்கிறேன். அச்சகத்தில் இரண்டையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

தேய்மானம் பற்றி: பேனா முனை ஒரு பக்கமாகச் சாய்வாகத் தேயும், கூர்விளிம்பு விழுமுன் மாற்றாவிட்டால் பலகையில் கீறல் நிச்சயம். பலகையின் நடுவில் எனக்கு ஒரு வழவழப்பான திட்டு உருவாகிவிட்டது, வேலையைக் கெடுக்கவில்லை. பனிமூட்டம் உள்ளே வரும் நாளில் பலகை வியர்க்கும், பேனா ஒட்டி இழுக்கும். பருத்தித் துணியால் துடைத்துவிட்டு வரைய வேண்டும். கடைகளில் விற்கும் ஓவியக் கையுறை வாங்கவில்லை. பழைய கம்பளிக் கையுறையில் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலை வெட்டிவிட்டேன். குளிருக்கும் ஆயிற்று. யுஎஸ்பி வடம் செருகும் இடம்தான் இதன் பலவீனம். வடத்தைப் பலகையோடு மடக்கிச் சுருட்டுபவர்களுக்கு அது முதலில் ஆட்டம் காணும். காற்று மழையில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. தானியங்கிச் சேமிப்பை ஐந்து நிமிடத்துக்கு வைத்துவிட்டு, முக்கியமான கட்டங்களில் கன்ட்ரோல் ஆல்ட் S தட்டுகிறேன். அது ஒவ்வொரு முறையும் புதிய எண்ணோடு தனிக் கோப்பு வைக்கும்.

சோலைக்குள் உட்கார்ந்து வரைய விரும்புபவர்கள் இதை வாங்க வேண்டாம். மடிக்கணினி, வடம், பலகை என்று மூட்டை தூக்கிக்கொண்டு பாம்பார் சோலைக்குள் போக யாருக்கு மனம் வரும்? அங்கே நான் இன்றும் பென்சிலும் சிறிய நோட்டும்தான் எடுத்துப் போகிறேன். வீட்டுக்கு வந்து பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக் கிரிட்டாவில் போட்டு, அந்த லேயரை மல்டிப்ளை என்ற கலப்பு முறைக்கு மாற்றி அடியில் வண்ணம் சேர்த்தால், பென்சில் கோடு அப்படியே மேலே நிற்கும். தாளின் வெள்ளை மறைந்துவிடும். கைபேசிப் படம் மங்கலாக இருந்தால் முதலில் வெளிச்சத்தைச் சரிசெய்யும் லெவல்ஸில் வெள்ளையையும் கறுப்பையும் இழுத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் வண்ணம் முழுக்கச் சாம்பல் பூத்திருக்கும்.