அம்மாவின் வாக்கு: பூத்திலா, வீட்டிலா?

2021 சட்டமன்றத் தேர்தலின்போது அம்மாவுக்கு 83 வயது. 80 தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே போடும் தபால் வாக்கு அப்போதே இருந்தது. ஆனாலும் மயிலாப்பூரில் எங்கள் மூன்றாவது மாடியிலிருந்து கைத்தாங்கலாக இறக்கி பூத்துக்கே கூட்டிப்போனோம். 2024 மக்களவைத் தேர்தலில் வயது வரம்பு 85 ஆனது, அம்மாவுக்கு 86. வீட்டிலேயே வாக்களித்தார். படியிறங்க முடியாத பெரியவர் இருந்தால் வீட்டு வாக்குதான் சரி என்பேன்.

வெயில், ஆட்டோ, படிக்கட்டு எல்லாம் தெரிந்த கதை. எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. பூத் என்றால் அந்த ஒரே நாள்தான். அன்று காலை பிரஷர் ஏறினால் ஓட்டு போச்சு. இந்த வயதில் எந்த நாள் உடம்பு எப்படி இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? வீட்டு வாக்கில், தேர்தல் அலுவலர்கள் வீட்டுக்கு வரும் நாளை முன்பே சொல்லிவிடுகிறார்கள். அன்று தவறினால் இன்னொரு முறை வருகிறார்கள். முதல் முறை அவர்கள் வந்த நேரம் நாங்கள் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தோம். இரண்டாம் முறைதான் போட்டார். அலுவலர்கள், போலீஸ், வீடியோ எடுப்பவர் எல்லோரும் இருந்தாலும், மறைப்புக்குப் பின்னால் தனியாகக் குறியிட்டு, தன் கையாலேயே உறையை ஒட்டிக் கொடுத்தார்.

ஒன்றில் கவனம் வேண்டும். தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாட்களுக்குள் வீட்டு வாக்குக்கான விண்ணப்பமான படிவம் 12டி-யைக் கொடுத்தாக வேண்டும். அது ஏற்கப்பட்டால் வாக்காளர் பட்டியலில் பெயருக்கு எதிரே குறி விழுந்துவிடும். அப்புறம் மனம் மாறி பூத்துக்குப் போனாலும் வாக்களிக்க விடமாட்டார்கள். கடைசி வாரப் பிரசாரத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்களுக்கு பூத்தே மேல்.

இதனால் சென்னையில் வாக்குப்பதிவு ஏறுமா? தமிழ்நாடு முழுக்க 69 சதவீதத்தைத் தாண்டிய 2024 தேர்தலில் எங்கள் தொகுதியான தென் சென்னை 54 சதவீதத்தை ஒட்டியே நின்றது. வீட்டு வாக்கு 85 கடந்தவர்களுக்கும், 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும்தான். எல்லோருக்கும் திறந்துவிட்டால்? அமெரிக்காவில் 2014-இல் வெளியான விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் ஆய்வு, தேர்தல் நாளுக்கு முன்பே வாக்களிக்கும் வசதியை மட்டும் தனியாகக் கொண்டுவந்தால் வாக்குப்பதிவு குறைகிறது என்றது. தேர்தல் நாளின் பரபரப்பு பல நாட்களுக்குச் சிதறிவிடுகிறதாம். நம் ஊருக்கு அது அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். எங்கள் அனுபவம் ஒரே ஒரு தேர்தல்தான். ஆனால் ஏப்ரல் 19 அன்று நான் மை வைத்த விரலோடு திரும்பியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, “பூத்துல கூட்டம் இருந்துதா?”