கோடெக் கேட்கும் கணினி: எந்த வழி நம்பத் தக்கது?

கைபேசியில் எடுத்த வீடியோவை விண்டோஸ் கணினியில் திறந்தால் சில நேரம் ஒலி மட்டும் வரும், திரை கறுப்பாகவே இருக்கும். சில நேரம் 'இதை இயக்கப் புதிய கோடெக் தேவை' என்று ஒரு பெட்டி எழும். இது பொய்யல்ல. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் ஹெச்இவிசி என்ற முறையில் வீடியோவைச் சுருக்கிப் பதிவு செய்கின்றன. பல ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் அந்த வசதி உண்டு. சுருக்கியதை விரித்துக் காட்டும் நிரல்தான் கோடெக். ஹெச்இவிசிக்கான கோடெக் எல்லா விண்டோஸ் கணினியிலும் இருப்பதில்லை.

தேவை உண்மையாக இருப்பதால்தான் ஏமாற்றும் எளிதாகிறது. படம் பார்க்கும் ஆவலில் இருப்பவர் எதற்கும் 'சரி' என்று அழுத்திவிடுவார். கோடெக்கோ நாம் கொடுக்கும் உரிமையோடு கணினிக்குள் நுழையும் நிரல். அதன் பெயரில் வேறு எது நுழைந்தாலும் அதற்கும் அதே உரிமை கிடைத்துவிடும்.

இப்போது நம் முன் இருக்கும் வழிகள் நான்கு: திரையில் தானாக எழும் அழைப்பை ஏற்பது, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கோடெக் வாங்குவது, பல கோடெக்குகளை ஒன்றாகத் தரும் கோடெக் தொகுப்பு ஒன்றை நிறுவுவது, எல்லாக் கோடெக்கையும் தன்னுள்ளேயே வைத்திருக்கும் விஎல்சி போன்ற வீடியோ இயக்கியைப் போட்டுக்கொள்வது. இவற்றை எடைபோட நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது என்னைத் தேடி வந்ததா, நான் தேடிப் போனதா?

தேடி வருவதையே முதலில் எடுத்துக்கொள்வோம். 2005, 2006 வாக்கில் ஸ்லோப் என்ற தீநிரல் பரவிய விதம் இன்றும் மாறவில்லை. ஒரு தளத்தில் வீடியோச் சட்டம் இருக்கும்; அழுத்தினால் 'கோடெக் இல்லை, இங்கே பதிவிறக்குங்கள்' என்று வரும். பதிவிறங்குவது தீநிரல். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரலும் இதே போலிக் கோடெக் வேடத்தில் பரவியது. தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பை அது கணினியில் மாற்றிவிடும். நீங்கள் ஒரு முகவரியைத் தட்டச்சு செய்தால் எந்தத் தளத்துக்குப் போவது என்பதைத் திருடர்களின் சர்வர் தீர்மானிக்கும். 2007இல் மேக் கணினிகளுக்கும் இதே வேடத்தில் ஒன்று வந்தது. 'மேக்கில் வைரஸ் வராது' என்று நம்பியிருந்தவர்கள் தங்கள் கையாலேயே கடவுச்சொல்லைக் கொடுத்து அதை நிறுவினார்கள். 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ இந்தக் கும்பலைப் பிடித்தபோது எஸ்டோனியாவில் ஆறு பேர் கைதானார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 40 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டிருந்தன. கும்பலின் சர்வர்களை உடனே நிறுத்தினால் அத்தனை பேருக்கும் இணையம் அறுந்துபோகும் என்பதால், மாற்று சர்வர்களை 2012 ஜூலை 9 வரை ஓட்ட வேண்டியிருந்தது.

ஒரு காலத்தில் வலைப்பக்க வீடியோக்களை ஓட்டிய ஃபிளாஷ் பிளேயரின் பெயரும் இப்படித்தான் பயன்பட்டது. ஃபிளாஷ்பேக் என்ற மேக் தீநிரல் முதலில் ஃபிளாஷ் நிறுவியின் வேடத்தில்தான் வந்தது. பிறகு ஜாவாவின் ஓட்டை வழியாகப் பரவி, 2012இல் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மேக் கணினிகளைப் பிடித்தது. அடோபி நிறுவனம் ஃபிளாஷுக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31 அன்று முடித்துக்கொண்டது. ஆகவே இன்று 'ஃபிளாஷைப் புதுப்பியுங்கள்' என்று எழும் எந்தப் பெட்டியையும் ஆராய வேண்டியதே இல்லை. அது பொய்.

ஒரு வலைப்பக்கம் கோடெக் கேட்பதும் அப்படியே. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் எல்லாம் வீடியோவைத் தங்களிடம் உள்ள நிரலாலோ இயங்குதளத்தின் நிரலாலோ விரித்துக் காட்டுகின்றன. அவற்றால் காட்ட முடியாத வடிவில் தன் வீடியோவை வைத்துக்கொண்டு, பார்வையாளரை நிரல் நிறுவச் சொல்லும் நேர்மையான தளம் எதையும் நான் இன்று கண்டதில்லை. பிரவுசரின் புதுப்பிப்பும் வலைப்பக்கத்தின் நடுவில் வராது. பிரவுசர் தன் மெனுவுக்குள் தானே பார்த்துக்கொள்ளும். இந்த முதல் வழியில் எடைபோட எதுவும் இல்லை என்பதே என் முடிவு.

சிக்கலான இடம் அடுத்தது. விண்டோஸின் சொந்த வீடியோச் செயலியும் ஹெச்இவிசி கோப்பைத் திறந்தால் 'கோடெக் தேவை' என்றுதான் சொல்கிறது. உண்மையான அழைப்பும் போலி அழைப்பும் ஏறக்குறைய ஒரே வாசகத்தில் பேசுகின்றன. இது பயனருக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன். வேறுபாடு, அழுத்திய பிறகு எங்கே போகிறோம் என்பதில் இருக்கிறது. உண்மையானது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் செயலியைத் திறக்கும். வெளியிட்டவர் மைக்ரோசாஃப்ட் கார்ப்பரேஷன் என்று அங்கே இருக்கும். பிரவுசர் திறந்து, நிரலை நிறுவும் ஓர் இஎக்ஸ்இ கோப்பு பதிவிறங்கத் தொடங்கினால் அது வேறு யாருடைய வேலையோ. பழைய விண்டோஸ் மீடியா பிளேயரில் இந்தத் தந்திரமும் நடந்திருக்கிறது: வீமாட் என்ற தீநிரல் வகைக் கோப்புகள் பார்ப்பதற்குச் சாதாரண வீடியோபோல இருக்கும், திறந்ததும் உரிமம் தேடுவதாகச் சொல்லி, இயக்கியின் வழியாகவே ஒரு வலைப்பக்கத்தைத் திறந்து கோடெக் தரும். அழைப்பு இயக்கிக்குள்ளிருந்து வந்தது என்பதே போதிய சான்று அல்ல.

ஸ்டோரில் ஹெச்இவிசி கோடெக்கின் அமெரிக்க விலை 99 சென்ட். காப்புரிமைக் கட்டணம் உள்ள தொழில்நுட்பம் என்பதால் இந்த விலை. ஏவி1 என்ற இன்னொரு சுருக்கு முறைக்கான கோடெக் இலவசம். ஸ்டோர் வழியில் எனக்குப் பிடித்தது, புதுப்பிப்பும் அதே வழியாகத் தானாக வருவது. 2020இல் மைக்ரோசாஃப்டின் கோடெக் நூலகத்திலேயே இரண்டு பாதுகாப்பு ஓட்டைகள் வெளிப்பட்டன. திருத்தம் ஸ்டோர் வழியாகத்தான் வந்தது, பயனர் எதையும் அழுத்தத் தேவையிருக்கவில்லை. ஸ்டோரை முடக்கி வைத்திருப்பவர்களுக்கு இந்த நன்மை கிடைக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கோடெக் தொகுப்புகளுக்கு வருவோம். கே-லைட் இவற்றில் பெயர் பெற்றது. பேசிக், ஸ்டாண்டர்ட், ஃபுல், மெகா என நான்கு அளவுகளில் கிடைக்கிறது, நெடுங்காலமாகப் பராமரிக்கப்படுகிறது. அதைத் தீநிரல் என்று சொல்வது தவறு. உள்ளே இருக்கும் எல்ஏவி ஃபில்டர்ஸ் என்ற கோடெக் நிரல்கள் திறந்த மூலநிரல். பலரும் நம்பிப் பயன்படுத்துவது. என் தயக்கம் வேறு. தொகுப்பின் கோடெக்குகள் கணினி முழுவதற்கும் பதிவாகின்றன. வேறு மென்பொருள்களும் அவற்றை எடுத்துப் பயன்படுத்தும். ஒன்றில் ஓட்டையோ மோதலோ இருந்தால் எங்கே வெளிப்படும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இரண்டு தொகுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுவியவர்களின் கணினியில் இதைச் சரிசெய்வது பெரும்பாடு. மேலும் இவை டைரக்ட்ஷோ என்ற பழைய அமைப்புக்கானவை. விண்டோஸின் புதிய வீடியோச் செயலி அவற்றைக் கண்டுகொள்வதில்லை, எனவே பலர் எதற்காக நிறுவுகிறார்களோ அதுவே நடக்காது.

தொகுப்பின் வயதையும் பார்க்க வேண்டும். சிசிசிபி என்று அழைக்கப்பட்ட தொகுப்பு ஒரு காலத்தில் அனிமே ரசிகர்களின் முதல் தேர்வு; 2015க்குப் பிறகு அதில் புதிய வெளியீடு இல்லை. பெரிய நிறுவனத்தின் பொருளுக்கும் இதே கதிதான். விண்டோஸுக்கான குவிக்டைம் வீடியோ இயக்கியை ஆப்பிள் கைவிட்ட பிறகு, 2016இல் அதில் திருத்தப்படாத இரண்டு ஓட்டைகள் இருப்பது தெரிந்து, அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்புக் குழுவே 'நீக்கிவிடுங்கள்' என்று அறிவித்தது. வீடியோக் கோப்பைப் படிக்கும் நிரலில் ஓட்டை இருந்தால் கோப்பைத் திறந்தாலே போதும், தாக்குதல் நடந்துவிடும். பழைய மென்பொருளை வாங்கிக் குவிக்கும் பதிவிறக்கத் தளங்களுக்கு இந்தக் கவலை இல்லை.

வீட்டுக் கணினிக்கு நான் சொல்வது நான்காம் வழிதான். விஎல்சி 1996இல் பாரிஸ் அருகே எக்கோல் சென்ட்ரால் என்ற பொறியியல் கல்லூரி மாணவர்களின் திட்டமாகத் தொடங்கியது. இன்று லாபநோக்கற்ற வீடியோலேன் அமைப்பு அதை வெளியிடுகிறது. கோடெக்குகள் அதற்குள்ளேயே இருக்கின்றன, கணினியின் மற்ற பகுதிகளில் பதிவாவதில்லை. அதை நீக்கினால் அவையும் போய்விடும். ஹெச்இவிசி, ஏவி1, பழைய டிவ்எக்ஸ் எதுவானாலும் கட்டணம் இல்லாமல் ஓடும். விஎல்சி இருக்கும் கணினியில் 'கோடெக் தேவை' என்று யார் கேட்டாலும் சந்தேகப்படலாம். இதன் பெரிய பயனே அதுதான்.

ஆனால் விஎல்சியின் பெயரும் திருடப்படுகிறது. விளம்பர நிரல்களைச் சேர்த்துத் தங்கள் தளத்தில் விஎல்சியைத் தருகிறவர்களைப் பற்றி 2011இலேயே வீடியோலேன் வெளிப்படையாகக் குறைகூறியது. இந்தியாவில் 2022 பிப்ரவரி முதல் நவம்பர் வரை வீடியோலேன் தளமே முடக்கப்பட்டிருந்தது. பாதுகாப்பின் பெயரில் அதிகாரபூர்வமான வாசலை அடைத்தால் மக்கள் எந்த வாசலுக்குப் போவார்கள்? தேடுபொறியில் முதலில் வரும் ஏதோ ஒரு தளத்துக்கு. அந்த முடக்கம் பயனர்களை ஆபத்தை நோக்கியே தள்ளியது என்று உறுதியாக நினைக்கிறேன்.

அதிகாரபூர்வமான தளமும் ஒருமுறை ஏமாற்றியதுண்டு. 2017 மே மாதத் தொடக்கத்தில், வீடியோ வடிவம் மாற்றும் ஹேண்ட்பிரேக்கின் பதிவிறக்க சர்வர்களில் ஒன்றில் ஊடுருவி, மேக் பதிப்பில் புரோட்டான் என்ற தீநிரலைச் சேர்த்துவிட்டார்கள். அதைத் திறந்தவர்களிடம் 'கூடுதல் கோடெக் நிறுவ வேண்டும், கடவுச்சொல்லைத் தாருங்கள்' என்று கேட்டது. பேனிக் என்ற மென்பொருள் நிறுவனத்தின் மூலநிரலே இதனால் திருடு போனது. கணினி அறிந்தவர்களும் அந்த ஒரு வாக்கியத்துக்கு இணங்கினார்கள். ஹேண்ட்பிரேக்குக்குத் தனியாகக் கோடெக் எதுவும் தேவையில்லை என்று தெரிந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பதிவிறக்கிய கோப்பின் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ-256 எண்ணைத் தளத்தில் கொடுத்திருப்பதோடு ஒப்பிட்டிருந்தாலும் குட்டு வெளிப்பட்டிருக்கும். விண்டோஸில் இன்னும் எளிய சோதனை உண்டு: நிறுவியை வலச்சொடுக்கி, பண்புகளில் டிஜிட்டல் கையொப்பத்தைப் பாருங்கள், விஎல்சிக்கு வீடியோலேன் என்று இருக்க வேண்டும். பல வைரஸ் தடுப்பு நிரல்களால் கோப்பைச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்ப்பதும் உதவும், ஆனால் புத்தம் புதிய தீநிரலை அதுவும் தவறவிடலாம்.

கைபேசியில் பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஏபிகே (ஆண்ட்ராய்டு நிறுவி) கோப்பாக எந்தக் கோடெக்கையும் எடுக்காதீர்கள். சில இயக்கிகளில் ஏசி3 என்ற முறையில் சுருக்கிய ஒலி வராவிட்டால், அதே கோப்பை விஎல்சியின் ஆண்ட்ராய்டு பதிப்பில் திறந்து பாருங்கள்.

போலிக் கோடெக்கை ஏற்கெனவே நிறுவிவிட்டீர்கள் என்றால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரின் ஆஃப்லைன் சோதனையை ஓட்டுங்கள். வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். பிறகு கணினியிலும் வீட்டு ரூட்டரிலும் டிஎன்எஸ் முகவரி எதுவென்று பாருங்கள். நீங்களோ இணையச் சேவையாளரோ வைக்காத எண் அங்கே இருந்தால், கணினியின் கோப்புகளைப் பிரதியெடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே சரி.