பாக்கி வசூலுக்கு பெசிலிடேஷன் கவுன்சில்: மனு போடுவதற்கு முன் தெரிய வேண்டியவை

மதுரை கப்பலூர், புதூர் தொழிற்பேட்டைகளில் சரக்கு செய்து கொடுக்கிற சிறு பட்டறைக்கு, பெரிய கம்பெனி பில்லை இழுத்தடித்தால் அடுத்த மாதக் கூலியே இடிக்கும். சிவில் கோர்ட்டுக்குப் போனால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். இதற்காகவே 2006 எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டத்தில், பாக்கித் தகராறைத் தீர்த்துவைக்க பெசிலிடேஷன் கவுன்சில் என்ற ஏற்பாடு உள்ளது. மதுரையிலேயே மண்டல கவுன்சில் இருப்பது பெரிய வசதி. 2017 முதல் ஆன்லைனில் மனு போடலாம்.

இதன் பலமே வட்டிதான். கெடு எழுதிக்கொள்ளாவிட்டால் 15 நாளில் பணம் வர வேண்டும். எழுதிக்கொண்டாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. பேங்க் ரேட் 6.75% இருந்தபோது இது 20.25%. ‘வட்டி கிடையாது’ என்று ஆர்டரில் அச்சடித்திருந்தாலும் செல்லாது. இப்படிக் கட்டும் வட்டியை, சரக்கு வாங்கிய கம்பெனி வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது. அதனால் வட்டிக் கணக்கோடு ஒரு பதிவுத் தபால் போனாலே சில கம்பெனிகள் அசலைக் கொடுத்துவிடுகின்றன. முதலில் அதைச் செய்து பாருங்கள்.

மனு தோற்பது பெரும்பாலும் காகிதத்தில்தான். சரக்கு போன பிறகு உத்யம் பதிவு (சிறு தொழில் என்று அரசிடம் செய்யும் பதிவு) எடுத்தால், பழைய பில்லுக்கு இந்தச் சட்டம் உதவாமல் போகலாம். உதவாது என்றே உச்ச நீதிமன்றம் 2021-ல் சொன்னது; 2025-ல் இந்தக் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. பதிவு இலவசம், யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அடுத்து டெலிவரி சலான்: வாங்கியவரின் சீல், கையெழுத்து, தேதி மூன்றும் வேண்டும். தரம் சரியில்லை என்று கடைசி நேரத்தில் கிளப்புவார்கள். சரக்கு இறங்கிய 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்கவில்லை என்றால், இறக்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாள். சலானில் தேதி இல்லாவிட்டால் இந்த வாதம் கையை விட்டுப் போகும்.

குறையும் உண்டு. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் அந்தக் கெடுவை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். முதலில் சமரசம், அது முறிந்தால் நடுவர் தீர்ப்பு. எதிர்த்து கோர்ட்டுக்குப் போகிறவர் தீர்ப்புத் தொகையில் 75% கட்டியாக வேண்டும். இழுத்தடிப்புக்கு இது நல்ல கடிவாளம். ஆனால் அவர் கோர்ட்டுக்கும் போகாமல், பணமும் கட்டாமல் இருந்தால், தீர்ப்பை நிறைவேற்றித் தரக் கோரி நீங்கள்தான் கோர்ட்டில் நிறைவேற்று மனு போட வேண்டும். கம்பெனியே மூடிக்கிடந்தால் தீர்ப்பு வெறும் தாள்.

அந்த வாடிக்கையாளர் மறுபடி ஆர்டர் தர மாட்டார் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஒரே கம்பெனியை நம்பி ஓடும் பட்டறை, இன்னொரு ஆர்டர் கைக்கு வந்த பிறகு மனு போடுவது நல்லது.