ஹயரிங் டெஸ்ட் பேக்கேஜ்: இன்டர்வியூ கிட் சூப்பர், பர்சனாலிட்டி டெஸ்ட் வேண்டவே வேண்டாம் (3/5)

எங்க ஆபீஸ்ல கஸ்டமர் சப்போர்ட்டுக்கு ஆள் எடுக்க ஒரு அசெஸ்மென்ட் சர்வீஸ் வாங்கினோம், பேர் சொல்லல, இப்போ நெறைய பேர் விக்கிறாங்க, உள்ள இருக்கற சரக்கு கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

ஸ்ட்ரக்சர்டு இன்டர்வியூ கிட் அருமை. சூப்பர்வைசர்கிட்ட உக்காந்து வேலைல என்னென்ன வரும்னு கேட்டு அதுல இருந்து கேள்வி ரெடி பண்றாங்க, வர்ற எல்லாருக்கும் அதே கேள்வி, அதே வரிசை. "ரெண்டு தடவ பணம் போயிடுச்சுன்னு கஸ்டமர் கத்தறாரு, உங்க ஸ்கிரீன்ல ஒரு பேமென்ட்தான் காட்டுது, என்ன பண்ணுவீங்க?" பேங்க்ல கேளுங்கன்னு கை கழுவினா 1 மார்க், ட்ரான்சாக்ஷன் நம்பர் வாங்கி பாத்துட்டு எப்போ திரும்ப கூப்பிடுவேன்னு சொன்னா 5, எல்லாம் ஷீட்லயே எழுதியிருக்கு. பேனல்ல அவங்கவங்க தனியா மார்க் போட்டுட்டுதான் பேசணும், இல்லேன்னா மேனேஜர் "பையன் நல்லா பேசறான்ல"ன்னு ஒரு வார்த்தை விட்டா போதும், எல்லார் மார்க்கும் அந்தப் பக்கம் சாஞ்சிடும். எந்த ஊரு, அப்பா என்ன பண்றாருங்கற பேச்சே வராது. சின்ன ஊர்ல இருந்து வந்து கொஞ்சம் தயங்கி பேசற புள்ளைங்களுக்கு இதுதான் நியாயமான இன்டர்வியூன்னு நான் அடிச்சு சொல்வேன்.

இதுக்கு ஆராய்ச்சி பலமும் இருக்கு. இன்டர்வியூ மார்க்கும் பின்னாடி வேலைல காட்டற திறமையும் எவ்ளோ ஒத்துப்போகுதுன்னு ஒரு கணக்கு உண்டு, 1 வந்தா முழுப் பொருத்தம். 2022ல சாக்கெட்ங்கற ஆராய்ச்சியாளரோட டீம் பழைய ஆய்வுகளயெல்லாம் திருப்பி அலசினதுல ஸ்ட்ரக்சர்டு இன்டர்வியூதான் முதலிடம், 0.42. வாய்க்கு வந்தத கேக்கற இன்டர்வியூ 0.19, எத்தன வருஷ அனுபவம்ங்கறது வெறும் 0.07! நாம வேலை விளம்பரத்துல மொதல்ல போடறதே அதத்தான்.

ஆனா அதே பேக்கேஜ்ல நாலு எழுத்து டைப் சொல்ற பர்சனாலிட்டி டெஸ்ட்டயும் சேத்து தலைல கட்டறாங்க. இந்த வகையில ரொம்ப பிரபலமான டெஸ்ட் எம்பிடிஐ, அத விக்கிற கம்பெனியே அத ஆள் எடுக்க யூஸ் பண்ணாதீங்கன்னு சொல்லுது, இவங்க அந்த மாதிரி ஒண்ண வச்சு "இன்ட்ரோவர்ட், சப்போர்ட்டுக்கு செட் ஆகாது"ன்னு ரிப்போர்ட் தர்றாங்க. அப்படி வந்த ஒரு பொண்ணு, மாதிரி கஸ்டமர் மெயில் குடுத்து பதில் எழுதச் சொன்னப்போ பேட்ச்லயே பெஸ்ட்டா எழுதுச்சு, அத நம்பி எடுத்தோம், இன்னிக்கு டீம்ல சிக்கலான கேஸெல்லாம் அதுகிட்டதான் போகுது. கையெழுத்து பாத்து குணம் சொல்றதும் எக்ஸ்ட்ரா காசுக்கு இருக்கு, 1998ல ஷ்மிட், ஹன்ட்டர்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 85 வருஷ ஆய்வ தொகுத்தப்போ அதுக்கு கெடச்சது 0.02, அதாவது ஒண்ணுமில்ல.

கிட் மட்டும் தனியா கேளுங்க, பேசினா குடுக்கறாங்க. கேள்வியெல்லாம் இங்கிலீஷ்லதான் வருது, தமிழ்ல நாங்களே மாத்திக்கிட்டோம்.