பாஹோ 2.0 எச்சரிக்கை: மறைப்பதா, தள்ளிப்போடுவதா, திருத்துவதா?

பைத்தானில் எம்க்யூடிடி (கருவிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் நெறிமுறை) எழுதுபவர்களுக்குப் பழக்கமான பாஹோ லைப்ரரியின் 2.0 பதிப்பு 2024 பிப்ரவரியில் வந்தது. கிளையன்ட் ஐடியை (நம் புரோகிராமின் அடையாளப் பெயர்) முதல் மதிப்பாகக் கொடுத்திருந்த பழைய புரோகிராம் அதில் வேல்யூ எரர் அடித்து நின்றுவிடும். அந்த இடத்தில் இப்போது கால்பேக் வெர்ஷனைத்தான், அதாவது இணைப்பு, செய்தி போன்ற நிகழ்வுகளின்போது லைப்ரரி கூப்பிடும் நம் ஃபங்ஷன்களின் வடிவம் எது என்பதைத்தான், எதிர்பார்க்கிறது. வெர்ஷன்1 என்று போட்டால் ஓடும். கூடவே, அது கைவிடப்பட்டது என்ற எச்சரிக்கையும் வரும்.

பலரும் முதலில் செய்வது, எச்சரிக்கையை ஃபில்டர் போட்டு மறைப்பது. எனக்கு இது கொஞ்சமும் பிடிக்காத வழி. பொத்தாம்பொதுவாக மறைத்தால் மற்ற லைப்ரரிகள் சொல்வதும் சேர்ந்தே காணாமல் போகும்.

2.0-க்குக் கீழே என்று பதிப்பைக் கட்டிவைப்பது அதைவிட நேர்மையானது. நாளைக்கே ரிலீஸ் என்றால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் அங்கே கிடைக்கும் 1.6.1, 2021-இல் வந்தது. வெர்ஷன்1 போட்டுவிட்டு எச்சரிக்கையோடு ஓட்டுவது இன்னும் மேல்: புதிய லைப்ரரி கிடைக்கிறது, பாக்கி வேலையும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது.

நிஜமான தீர்வு வெர்ஷன்2-க்கு மாறுவதுதான். கால்பேக்குகளில் ஆன்_மெசேஜ் அப்படியே இருக்கும். ஆன்_கனெக்ட் நான்கு மதிப்புகளுக்குப் பதில் ஐந்து வாங்கும். ஆன்_டிஸ்கனெக்ட் மூன்றிலிருந்து ஐந்துக்குப் போகும். ஆன்_டிஸ்கனெக்ட்டை மாற்ற மறந்தால் உடனே தெரியாது. இணைப்பு அறுந்த அன்றைக்குத்தான் டைப் எரர் வரும். இணைப்பைப் பின்னணியில் தனி த்ரெட்டில் கவனிக்கும் லூப்_ஸ்டார்ட்டில் ஓட்டினால் அந்த த்ரெட் மட்டும் செத்துப்போய், மெயின் புரோகிராம் ஒன்றும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும்.

இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. ‘ஆர்சி 5 என்றால் அனுமதி இல்லை’ என்று சோதிக்கும் வரி நிறையப் பேரிடம் இருக்கும் (ஆர்சி என்பது இணைப்பின் முடிவைச் சொல்லும் எண்). வெர்ஷன்2-இல் எம்க்யூடிடி 3.1.1 பேசும் பழைய புரோக்கரோடு (செய்திகளை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் சர்வர்) பேசினாலும் அந்த எண் எம்க்யூடிடி 5-இன் 135 ஆக மாறித்தான் வரும். பூஜ்யத்தோடு ஒப்பிடும் வரி முன்போலவே வேலை செய்வதால் எல்லாம் சரி என்று தோன்றும். ஐந்தோடு ஒப்பிடும் வரி மட்டும் சத்தமில்லாமல் செத்துக் கிடக்கும். எண்ணை விட்டுவிட்டு இஸ்_ஃபெயிலியர் என்பதைப் பாருங்கள். அப்புறம், வேண்டுமென்றே தப்பான பாஸ்வேர்டு கொடுத்து ஒரு முறை, புரோக்கரை நிறுத்தி ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு கமிட் செய்யுங்கள்.