காணி சுவீகரிப்புக் கிளை: அளவு சுத்தம், காசோலை மந்தம்

பிரதேச செயலகத்தின் காணிக் கிளை பிடிக்கவில்லையென்று அடுத்த கடைக்குப் போக வழியில்லை. வீதி அகலிப்புக்கோ நீர்த்தேக்கத்துக்கோ அரசுக்கு உங்கள் காணி வேண்டுமென்று வந்துவிட்டால், 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டப்படி அந்த ஒரு மேசைதான். நுவரெலியா, கண்டி, பதுளை, மாத்தளைப் பக்கம் சொந்தக் காணி வைத்திருப்பவர்களுக்காக அந்தச் சேவையைப் பற்றிய மதிப்பீடு இது.

தொடக்கம் பரவாயில்லை. 2ஆம் பிரிவு அறிவித்தல் மும்மொழியிலும் ஒட்டப்படும். அதைக் கண்டதும் பதற வேண்டாம். வந்து ஆராயத்தான் அதில் அதிகாரம், காணி இன்னும் உங்களுடையதே. ஆராய வந்தவர்கள் வேலியையோ பயிரையோ சேதப்படுத்தினால் 3ஆம் பிரிவின்கீழ் தனி நட்டஈடு கேட்கலாம். ஆட்சேபிக்கும் வாசல் 4ஆம் பிரிவு அறிவித்தலோடுதான் திறக்கிறது. குறைந்தது 14 நாள் தருவார்கள், அமைச்சின் செயலாளருக்கு எழுத்தில் போக வேண்டும். 'பொதுத் தேவை' என்று மட்டும் போட்டு என்ன தேவையென்று சொல்லாமல் விட்டிருந்தால் முதல் ஆட்சேபம் அதுவே. நோக்கத்தைச் சொல்லியாக வேண்டும் என்று 2000ஆம் ஆண்டு மனேல் பெர்னாண்டோ வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. காணி எடுக்கப்படும் என்ற 5ஆம் பிரிவுப் பிரகடனம் வர்த்தமானியில் வந்தபிறகு வாதாட இடம் மிகக் குறைவு. அவசரம் என்று காரணம் காட்டினால் 38ஆம் பிரிவில் விலை பேசுமுன்பே காணி கைமாறும்.

நில அளவைக்கு ஐந்தில் நாலு கொடுக்கலாம். சரிவுக் காணிக்காரர் பலர் "பேர்ச் (காணிப் பரப்பளவு) குறைத்துவிட்டார்கள்" என்பார்கள். பெரும்பாலும் அது களவு இல்லை. வரைபடம் கிடைமட்ட அளவையே எடுக்கும்: 30 பாகைச் சரிவில் நாடா 100 அடி காட்டினால் வரைபடத்தில் 86 அடி சொச்சம்தான் வரும். அளக்கும் நாளில் கூடவே நின்று கல் மதில், ஊற்றுக் குழாய், படிக்கட்டு எல்லாவற்றையும் காட்டி, குறிப்பில் ஏறியதா என்று பாருங்கள்.

எல்லாம் தங்கியிருப்பது, உரிமையையும் நட்டஈட்டையும் விசாரிக்க அழைக்கும் 7ஆம் பிரிவு அறிவித்தலில். விசாரணைத் திகதி, அறிவித்தல் ஒட்டி 21 நாளாவது கழிந்தே இருக்கும். உங்கள் உரிமைக் கோரிக்கையோ அதற்கு 7 நாள் முந்தியே எழுத்தில் போக வேண்டும். ஆக, கையில் நிச்சயமாக இருப்பது இரண்டு கிழமை. அதற்குள் உறுதி, காணிப் பதிவகப் பிரதி, பழைய வரைபடம், வரிப் பற்றுச்சீட்டு எல்லாம் சேர வேண்டும். வேலை சிக்குவது பெரும்பாலும் பெயரில்: உறுதியில் சுப்பையா, அடையாள அட்டையில் சுப்பிரமணியம், பிறப்புச் சான்றிதழில் சிங்கள எழுத்தில் இன்னொன்று. மூவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசியும் கிராம உத்தியோகத்தர் கடிதமும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். தாத்தா பெயரிலேயே உறுதி கிடந்து, பங்காளிகள் மோதி, வழக்கு மாவட்ட நீதிமன்றம் போனால் பணம் ஆண்டுக்கணக்கில் முடங்கும்.

கோரிக்கையில் "நியாயமான தொகை தரவும்" என்று எழுதுவது வீண். தொகையையும் அதைக் கணக்கிட்ட விதத்தையும் சட்டமே கேட்கிறது. பேர்ச் விலை, வீட்டின் சதுர அடி, மதிலின் நீள உயரம், தேயிலைச் செடி எண்ணிக்கை, மிளகுக் கொடி, பலா என்று தனித்தனியாகப் போடுங்கள். மலைநாட்டில் மறக்கப்படுவது மிச்சத் துண்டு. வீதிக்காக மண்ணை வெட்டியபின் மேலே நிற்கும் 8 பேர்ச்சில் வீடு கட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு கிடைக்காமல் போகலாம். அந்த நட்டத்தையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

விலை கணக்காவது 7ஆம் பிரிவு அறிவித்தல் வர்த்தமானியில் வந்த நாளின் சந்தை விலைக்கு, காசோலை வரும் நாளின் விலைக்கு அல்ல. அதனால் தாமதம் முழுக்க உரிமையாளர் தலையில். காணியைப் பொறுப்பேற்ற நாளிலிருந்து வட்டி சேரும் என்றாலும், அதே பணத்துக்கு அதே ஊரில் இன்னொரு காணி கிடைப்பது அபூர்வம். கொடுப்பனவுக்கு ஐந்தில் ஒன்றுக்கு மேல் மனம் வரவில்லை.

17ஆம் பிரிவுத் தீர்ப்பில் தொகை போதாதென்றால் 21 நாளுக்குள் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்யுங்கள். கோப்பு எங்கே நிற்கிறதென்று தெரியாவிட்டால் கவுண்டரில் கேட்டு அலைய வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டால் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருப்பவர்களுக்கு இந்த மேசை அநேகமாகத் திறக்காது. உறுதி இல்லை, காணி பெரும்பாலும் அரசுடையது. ஆனால் உறுதி இல்லாதவர்களையும் நியாயமாக நடத்த வேண்டுமென்று 2001ஆம் ஆண்டின் மீள்குடியேற்றக் கொள்கை சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு, மரக்கறித் தோட்டத்தையும் மாட்டுப் பட்டியையும் பட்டியலிட்டு ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள்.